வயிறு உயரும், அச்சு உயராது: லிஃப்ட் கிட் பற்றி வாசகர் கேள்விகள்

சஸ்பென்ஷன் லிஃப்ட் (ஸ்பிரிங் பகுதியை மாற்றி வண்டியின் உடலை உயர்த்துவது) பற்றி ஜிம்னி, தார், ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்கள் எல்லோரும் அதே வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள். செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்கிறார்கள். பதில்களும் அந்தக் கணக்கில்தான். போட்டிக்கு இறக்கும் வண்டிக்கு இவை பொருந்தாது.

ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கிறேன். தினமும் பொள்ளாச்சி – கோவை போய் வருகிறேன். எப்போதாவது எஸ்டேட் சாலை. பெரும்பாலும் நான் ஒருவன்தான் வண்டியில். நடுவயிறு கல்லில் தட்டுகிறது. 2 இன்ச் லிஃப்டும் 235/75 ஆர்15 டயரும் போடச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். ஸ்பிரிங்கின் தலையில் வைக்கும் வளையமான ஸ்பேசர் போதும், மலிவு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– பொள்ளாச்சி வாசகர்

வயிறு தட்டுவதற்குக் காரணம் வண்டியின் நீளம். மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மி.மீ. நம் ஊரில் விற்பது 2,590 மி.மீ. நடுவில் 340 மி.மீ. கூடியதால் ரேம்ப் பிரேக்ஓவர் கோணம் (வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் அளவு) 28 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஆகவே லிஃப்ட் உங்களுக்கு உண்மையாகவே பயன்படும். ஆனால் எது உயரும், எது உயராது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டு அச்சு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸ், பம்பர், வயிறு உயரும். அச்சும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தர அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சைத் தூக்குவது டயர் மட்டும்தான். உங்கள் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733 மி.மீ. விட்டம் 40 கூடினால் அச்சு அதில் பாதி, 20 மி.மீ. உயரும். வழியில் தட்டுவது வயிறா, டிஃபரன்ஷியலா என்று ஒருமுறை கீழே படுத்துக் கீறலைப் பாருங்கள். கீறல் டிஃபரன்ஷியலில் இருந்தால் லிஃப்ட் கிட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

கடைக்காரர் சொன்ன டயரில் இரண்டு சிக்கல். ஜிம்னியின் ரிம் 5.5 இன்ச் அகலம். 235/75 டயருக்குக் குறைந்தது 6 இன்ச் ரிம் வேண்டும். அப்படியானால் ரிம் செலவும் சேருகிறது. அடுத்தது, டயர் சுமார் 6 சதவீதம் பெரிதாவதால் கியர் இழுவை அந்த அளவுக்குக் குறையும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது அது நன்றாகவே தெரியும். 215/75 ஆர்15 வாங்குங்கள். பொலேரோவுக்கு வரும் அளவு என்பதால் எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும், இருக்கும் ரிம்மிலேயே உட்காரும், லிஃப்ட் இல்லாமலும் உரசாது. அச்சு 5 மி.மீ.தான் உயரும் என்பது உண்மை. ஆனால் ஆல்-டெரெய்ன் டிரெட் தரும் பிடிமானம் எஸ்டேட் சாலையில் அந்த 5 மி.மீ.யைவிடப் பெரியது.

இனி ஸ்பேசரா, ஸ்பிரிங்கா?

காயில் ஸ்பிரிங்கின் தலையில் வைக்கும் 30 மி.மீ. பாலியூரித்தேன் வளையம் சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஸ்பிரிங் பழையதே என்பதால் மெத்தென்ற ஓட்டம் மாறாது. தினசரி ஓட்டத்துக்கு இது நல்ல விஷயம். ஷாக் அப்சார்பரும் பழையதே என்பதால் அதன் நீளம் கூடாது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தில் 30 மி.மீ. போய்விடும். அதற்கு மேல் போனால் ஷாக் அப்சார்பரே அச்சைப் பிடித்து நிறுத்தும் கயிறாக மாறிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே பிஸ்டன் முட்டி, சீல் கசிந்து, கடைசியில் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் பிய்யும். 30 மி.மீ.க்கு மேல் ஸ்பேசர் வேண்டாம் என்பது இதனால்தான். அதைப் போடும்போதும் அச்சு மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பை அதே 30 மி.மீ. நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மேட்டில் விழும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடு ஒன்று முழுதாக ஒட்டிக்கொள்ளும். கடைகளில் பலர் இதைச் சொல்வதே இல்லை.

40 மி.மீ. உயர ஸ்பிரிங் நான்கு, அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர் நான்கு என்று முழு செட்டாக வாங்கினால், பிராண்டைப் பொறுத்து ஒரு லட்ச ரூபாயை ஒட்டிப் போகும். பணம் அதிகம் போவது ஷாக் அப்சார்பருக்கு. போக வேண்டிய இடமும் அதுதான். ஸ்பிரிங்கை லைட், மீடியம், ஹெவி என்று எடைக்கேற்பத் தருவார்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டிக்கு முன்பக்கம் மட்டும் எண்பது, நூறு கிலோ கூடியிருக்கும். ஹெவி ஸ்பிரிங் அதற்காக. வெறும் வண்டியில் அதைப் போட்டால் சொன்ன 40-க்குப் பதில் 60 மி.மீ. தூக்கி நிற்கும், வேகத்தடையில் தூக்கித் தூக்கிப் போடும். உங்களுக்கு லைட். கடையில் ஸ்டாக் இல்லை, மீடியம் தருகிறேன் என்றால் காத்திருங்கள்.

செட் விலையில் வராத செலவு ஒன்று உண்டு: காஸ்டர் புஷ். ஜிம்னியின் முன் அச்சை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. வண்டி உயர உயர அச்சு முன்பக்கமாகச் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் மையக்கோட்டின் பின்சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். 30 மி.மீ. வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். 40, 50 என்றால் துளை ஓரமாக அமைந்த ஆஃப்செட் புஷ் அவசியம். அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். சுத்தியல் வேலை கூடாது. ஏற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் மேலே என்று பெயின்ட் மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். தலைகீழாக ஏறிவிட்டால் குறைந்த காஸ்டர் இன்னும் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேனார்ட் ராடும் சாய்வதால் அச்சு ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் நகரும். 40 மி.மீ. லிஃப்டில் அதற்காக அட்ஜஸ்டபிள் ராட் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கின் ஸ்லீவைத் திருகி நேராக்கியே ஆக வேண்டும். கோணலாக விட்டுவிட்டால், நேரான சாலையில் நீங்கள் வளைப்பதாக, வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி கணக்குப் போட்டு, வளைவில் தேவையில்லாத நேரத்தில் பிரேக்கில் தலையிடும்.

முடிவாக: இப்போது டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டதென்றால் 215/75 போட்டு இரண்டு மாதம் ஓட்டுங்கள். அப்போதும் வயிறு தட்டினால் 40 மி.மீ. முழு செட், காஸ்டர் புஷ்ஷோடு. அவ்வளவு பணம் ஒதுக்க முடியாதென்றால் 30 மி.மீ. ஸ்பேசரும் பம்ப் ஸ்டாப் நீட்டலும் மரியாதையான தேர்வுதான். ஸ்பேசரும் வேண்டாம், ஷாக் அப்சார்பரும் வேண்டாம், உயர ஸ்பிரிங் மட்டும் போதும் என்று நடுவழியில் நிற்பதுதான் தவறு.

2021 தார் டீசல். முன்பக்கம் '2 இன்ச் கிட்' போட்டேன். வேகத்தடை இறங்கும்போதெல்லாம் முன்னால் 'டக்' என்று சத்தம். பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். ஃபெண்டர் விளிம்புக்கும் சக்கர மையத்துக்கும் இடையே முன்பைவிட 85 மி.மீ. கூடியிருக்கிறது.
– ஓசூர் வாசகர்

நீங்கள் அளந்து எழுதியது நல்லதாயிற்று, பதில் அந்த 85-இல்தான் இருக்கிறது. 2020-க்குப் பிந்தைய தாரின் முன்பக்கம் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். காயில் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரே தூணாக நிற்கிறது. அந்தத் தூணின் கால், கீழ் ஆர்மின் நுனியில் இல்லை, நடுவாக்கில் இருக்கிறது. அதனால் தூணின் தலையில் வைக்கும் தட்டின் கனத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை சக்கரம் கீழே போகும். 2 இன்ச் உயரம் வேண்டுமென்றால் சுமார் 1 இன்ச் தட்டு போதும். உங்கள் வண்டியில் 2 இன்ச் கனமுள்ள தட்டையே வைத்திருக்கிறார்கள். பிரித்துக் காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஆர்ம்கள் ஏற்கெனவே கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. வேகத்தடை தாண்டிச் சக்கரம் இறங்கும்போது அதற்கு மேல் இறங்க இடமில்லாமல் கடைசி எல்லையில் முட்டுகிறது. 'டக்' அதுதான்; பழகிச் சரியாகும் சத்தம் அல்ல. கூடவே பால் ஜாயின்ட் அதன் கோண எல்லையில் நெருக்கப்படுகிறது. சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் பூட் மடிப்பு மடிப்பாக உரசிக் கிழியும். கிழிந்த இடத்தில் கிரீஸ் வெளியே, சேறு உள்ளே. பிறகு ஆஃப்-ரோடு வளைவில் 'கடகட' என்ற சத்தம் தொடங்கினால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. தூண் மொத்தமாகக் கீழே தள்ளப்பட்டதால், பெரிய மேட்டில் ஆர்ம் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் உள்ளே முழுதாக அமுங்கி இடிக்கும்.

தட்டை 25 மி.மீ.க்கு மாற்றுங்கள். பின்பக்கம் காயில் ஸ்பேசர் 30 மி.மீ. அளவில் இருந்தால் வண்டி ஏறக்குறைய மட்டமாக நிற்கும். மாற்றியதும் நான்கு பூட்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) இரண்டும் உள்ள பிரின்ட் கேட்டு வாங்குங்கள். 2 இன்ச்சுக்கு மேல் வேண்டும் என்றால் நீளமான மேல் ஆர்ம், டிஃபரன்ஷியலை இறக்கும் பிராக்கெட் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸோடு வரும் தினசரி வண்டிக்கு அது தேவையில்லை.

பழைய தார் சிஆர்டிஇ. மிகக் குறைந்த செலவில் ஒரு இன்ச் உயர்த்த வழி உண்டா?
– தேனி வாசகர்

உண்டு, இந்த வண்டியில்தான் அது மிகச் சுலபம். முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங்போல் வேலை செய்யும் இரும்புத் தண்டு. சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் அட்ஜஸ்டிங் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். முதலில் இரு பக்கமும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் டார்ஷன் பார் தளர்ந்து, தொழிற்சாலை உயரமே குறைந்திருக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, போல்ட்டின் எடையை விடுவித்த பிறகு திருகுங்கள். இரண்டு சுற்று, இறக்கி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி அளவு. 25 மி.மீ.யோடு நிறுத்துங்கள். சக்கரம் கீழே இறங்குவதைத் தடுக்கும் ரீபவுண்ட் ஸ்டாப்புக்கும் ஆர்முக்கும் நடுவே இடைவெளி கண்ணால் பார்த்துத் தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு சுற்று இறக்குங்கள்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை 50 மி.மீ. நீளமாகப் போட்டால் 25 மி.மீ. உயரும், ஒரு முனை மட்டுமே இறங்குவதால் நடுவில் இருக்கும் அச்சுக்குப் பாதிதான் கிடைக்கும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைக்கும் முறையும் உண்டு. பின்பக்கம் ஒரு இன்ச் அளவில் பரவாயில்லை, முன் லீஃப் ஸ்பிரிங் உள்ள எந்த வண்டியிலும் கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு சுழல முயலும், கட்டை நழுவினால் ஸ்டியரிங் கையில் இருக்காது. எதைச் செய்தாலும் அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஒருமுறை இழுத்து இறுக்கிய மரை மறுபடி அதே பிடி தராது.

வண்டியில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு, எல்எஸ்பிவி, இருந்தால் அதன் கம்பியையும் உயர்த்திய அளவுக்குச் சரிசெய்யுங்கள். விட்டால், வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

ஜிப்ஸிக்கு உயரம் வேண்டிப் பட்டறையில் நான்கு பக்கமும் இரண்டிரண்டு பிளேட் கூடுதலாகச் சேர்த்தேன். உயரம் வந்தது, இடுப்பு போய்விட்டது. என்ன செய்வது?
– கோத்தகிரி வாசகர்

சேர்த்த பிளேட்டுகளைக் கழற்றிவிடுங்கள். லாரிக்கு எடை தாங்கச் சேர்க்கும் முறை அது. ஆயிரம் கிலோவை ஒட்டிய ஜிப்ஸியில் அந்த ஸ்பிரிங் வளையாது. சக்கரம் குழிக்குள் இறங்காமல் வண்டியே குதிக்கும். பழைய பிளேட்டையே அடித்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்பார்கள். வெப்பச் சிகிச்சை சரியாக இல்லாவிட்டால் சில மாதங்களில் தொய்ந்துவிடும், அல்லது சென்டர் போல்ட் துளையில் பிளேட் வெடிக்கும்.

பழையதைப்போலவே மெல்லிய பிளேட்டுகளுடன், வளைவு மட்டும் 40 மி.மீ. கூடுதலாக உள்ள புது செட் கேளுங்கள். பிளேட்டுகளின் நடுவே நைலான் லைனர் இருந்தால் உராய்வு குறைந்து சின்னக் குலுக்கல்கள் அடங்கும். மாட்டியதும் வண்டி தரையில் நிற்கும்போது ஷேக்கிளைப் பாருங்கள்: ஸ்பிரிங்கின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். வளைவு அதிகமானால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்து ஷேக்கிள் உள்பக்கம் இழுபடும். அந்த நிலையில் எவ்வளவு நல்ல ஸ்பிரிங்கும் கட்டைபோல் அடிக்கும்.

லிஃப்ட் போட்ட பிறகு 70 கி.மீ. வேகத்தில் சின்னக் குழி ஏறினால் ஸ்டியரிங் இரு பக்கமும் உதறுகிறது. ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் மாற்றினால் போதும் என்கிறார்கள். (ஜிம்னி)
– நாகர்கோவில் வாசகர்

டேம்பர் உதறலை மூடி மறைக்கும், போக்காது. உதறும்போது திடீர் பிரேக் வேண்டாம். ஸ்டியரிங்கை இறுக்காமல் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் குறையுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள், செலவில்லாதது முதலில்.

டயர் காற்றழுத்தம், வீல் பேலன்ஸ். அடுத்து, எஞ்சின் ஓட, வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டட்டும். இன்னொருவர் கீழே பேனார்ட் ராடின் இரு முனைகளையும் டை ராட் எண்டுகளையும் பார்க்கட்டும். போல்ட் துளைக்குள் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் அதுதான் குற்றவாளி. லிஃப்ட் போடும்போது கழற்றி மாட்டிய பேனார்ட் போல்ட் சரியாக இறுகாமல் இருப்பது அடிக்கடி நடப்பது. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக் பெடலை ஒருவர் மிதிக்க, மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் மூட்டில் இருக்கும் கிங்பின் பேரிங். கிங்பின்னில் ஷிம் வைத்து இறுக்கத்தை மீட்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் காஸ்டர் அளவை எடுங்கள். எல்லாம் முடிந்து கடைசியில் டேம்பர்.

லிஃப்ட் சட்டப்படி சரியா? ஆர்டிஓ பிடிப்பார்களா?
– சேலம் வாசகர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. எனவே போடும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் தொடர்பான வாரன்டியை டீலர் மறுக்க வாய்ப்பு அதிகம். 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டிய ஜிப்ஸி போன்ற வண்டிகள் ஆய்வுக்குப் போகும். கழற்றிய பழைய பாகங்களை எந்த நிலையிலும் கடையில் விட்டுவராதீர்கள். சேஸிஸை வெட்டி வெல்டிங் செய்யும் கிட் எதையும் தொடாதீர்கள். அதைத் திரும்ப மாற்ற வழியே இல்லை.

கிட் மாட்டி வண்டியை எடுக்கும்போது பட்டறையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– திண்டுக்கல் வாசகர்

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆர்ம் புஷ் போல்ட்டை எப்போது கடைசியாக இறுக்கினீர்கள்?" பட்டறையில் வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருந்தால் தப்பு. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுக்க இருந்து சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, இருமுறை அமுக்கி விட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பாருங்கள். விறைத்து நின்றால் ஹோஸை மாற்றுங்கள், அல்லது பிராக்கெட்டை இறக்குங்கள். ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி டயர் எதிலும் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஹெட்லைட்டை மறக்காதீர்கள். லிஃப்டுக்கு முன்பே சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையத்திலிருந்து ஒளிக்கோடு எத்தனை சென்டிமீட்டர் கீழே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குப் பிறகு மையம் உயர்ந்திருக்கும். புது மையத்திலிருந்து அதே சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். முன்பக்கம் மட்டும் உயர்த்திய வண்டியின் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில்தான் நேராக அடிக்கும்.

500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும், குறிப்பாக யூ போல்ட்டை, டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். ஸ்பிரிங் படிந்து உயரம் நிலைப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு ஓட்டம் ஆகும். அலைன்மென்ட்டை மாட்டிய அன்றே ஒருமுறை செய்திருந்தாலும் அப்போது இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அதுவரை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். உயர்ந்த வண்டி வளைவில் முன்பைவிடக் கூடுதலாகச் சாயும். அந்தச் சாய்வு உங்கள் கைக்குப் பழக, தெரிந்த சாலையில் சில நாள் மெதுவாக ஓட்டுங்கள்.